புறங்கையால் தொடுபவர்

டோர்ச் பற்றரி ஒன்றின் இரு முனைகளிலிருந்தும் நீளும் கம்பிகளை ஸ்பீக்கரின் பின்புறத்தில் ஒரு கணம் தொடுகிறார் வலன்ரைன். 'டப்' என்ற சிற்றொலியுடன் தாள் கூம்பு முன்னே எழுகிறது. கம்பியை எடுக்கிறார், கூம்பு அடங்குகிறது. முன்னே எழுந்தால் இணைப்பு நேர், உள்ளே இழுபட்டால் தலைகீழ். ஒரு தரம் பார்த்தாலே போதுமான இந்தச் சோதனையை அவர் ஐந்து தரம் செய்கிறார். ஐந்தாம் தரம் முடிந்ததும் எழுந்து வாசல்வரை போய், தெருவில் யாரும் இல்லாததைப் பார்த்துத் திரும்பி வந்து, ஆறாம் தரமும் தொடுகிறார்.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் வீடு. முன்னறை முழுவதும் கிற்றார்க்காரர்களின் ஸ்பீக்கர்ப் பெட்டிகள். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் மின்வேலை பார்க்கிறவர். ஓய்வு நாட்களில் இந்த வேலை. ஓய்வு என்ற சொல் அவரிடம் பொருள் இழந்து நிற்கிறது. நாற்காலி இருக்கிறது, அமர்வதில்லை. மனைவி நேசம் ஊற்றித் தரும் பால் விடாத பிளேன்றீ, சன்னல் விளிம்பில் ஒன்று, பெட்டியின்மேல் ஒன்று, படியில் ஒன்று என மூன்று இடங்களில் ஆறிக் கிடக்கும். பேசிக்கொண்டே நடப்பார். நிற்க நேர்ந்தால் இடது முழங்கால் தானே ஆடத் தொடங்கும். ஐம்பத்து மூன்று வயது, ஒல்லியான உடல், சட்டைப் பையிலும் கால்சட்டைப் பைகளிலுமாக மின்தடை அளக்கும் மூன்று மீட்டர்கள்.

எதையும் புறங்கையால்தான் தொடுவார். இது துறைமுகம் கற்பித்த பழக்கம். மின்னோட்டம் பாய்ந்தால் கைவிரல்கள் மடங்கும். உள்ளங்கையால் தொட்டவன் அந்தப் பொருளையே இறுகப் பற்றிக்கொள்வான், புறங்கையால் தொட்டவனின் கை விலகிவிடும். பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. இரும்புக் கேற், தேநீர்க் கேத்தல், மழையில் நனைந்த சுவர், எல்லாவற்றுக்கும் புறங்கைதான். "நான் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடக்கேக்கயும் இந்த மனுசன் நெத்தியில புறங்கைய வச்சுத்தான் பாத்தவர்," என்கிறார் நேசம். "எனக்கென்ன கரண்டா அடிக்குது?"

வலன்ரைன் சிரிப்பதில்லை. "பழகினது பழகினதுதான்," என்று சொல்லி அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்.

எங்கள் திருமுறை வகுப்பின் பழைய ஒலிபெருக்கியைத் திருத்தக் கொடுத்த நாளில், அவர் தம் தொழிலின் நுட்பத்தை நடந்துகொண்டே எனக்கு விளக்கினார். "வால்வு அம்ப் எண்டா கிற்றார்ச் சத்தத்தைப் பெருக்கிற மெசின் சேர். அதுக்குப் பின்னால நாலு, எட்டு, பதினாறு எண்டு ஒரு திருகு இருக்கும். அது ஓம்ஸ், தடையின்ர அளவு. பெட்டி எத்தினையோ, திருகும் அத்தினையில நிக்கவேணும். மாறி நிண்டா முதல்ல ஒண்டும் தெரியாது, நல்லாத்தான் பாடும். பிறகு ட்ரான்ஸ்போமர் எரியும்." ஸ்பீக்கர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் தடை கூடும், பக்கம் பக்கமாக இணைத்தால் குறையும். பெட்டிக்குள் இருக்கும் நான்கு ஸ்பீக்கர்களையும் எப்படிக் கோப்பது என்பதே கலை. கணக்கு எளியது, ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டியுள்ள சீட்டு உண்மை சொல்லும்வரை.

சீட்டு எப்போதும் உண்மை சொல்வதில்லை. கிழிந்த ஸ்பீக்கருக்குப் புதுத் தாளும் புதுக் கம்பிச்சுருளும் போட்டுத் தருகிறவர்கள் நகரில் பலர். பழைய காந்தத்தின்மேல் உள்ள வெளிநாட்டுச் சீட்டை அவர்கள் உரிப்பதில்லை. உடையவரும் உரிக்க விடமாட்டார். உள்ளே போவது அன்று கையில் அகப்பட்ட சுருள், பெரும்பாலும் கார் ஸ்பீக்கருக்கு உரிய நாலு ஓம்ஸ் சுருள்.

நாலு வருடத்துக்கு முன் வலன்ரைன் அந்தச் சீட்டை நம்பினார். ஷெல்டன் என்ற கிற்றார்க்காரர் அவருடைய பள்ளித் தோழர். ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்தவர்கள். அன்று ஷெல்டனின் பெட்டியைக் கோக்கும்போது மீட்டரின் பற்றரி இறந்திருந்தது. கடைக்குப் போய்வரப் பத்து நிமிடம் ஆகும். நான்கு ஸ்பீக்கர்களின் முதுகிலும் பதினாறு என்றிருந்தது. அவற்றைப் பக்கம் பக்கமாக இணைத்து, அம்பின் திருகை நாலில் வைத்து அனுப்பிவிட்டார். உண்மையில் நான்கிலும் கார்ச் சுருள். பெட்டி முழுவதுக்கும் ஒரு ஓம்ஸே தேறியது. கல்யாண மண்டபத்தில் இரண்டு பாட்டு நன்றாக ஒலித்தது. மூன்றாம் பாட்டின் நடுவில், மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடிக்கொண்டிருக்கையில், அம்பிலிருந்து புகை எழுந்தது. ஷெல்டனின் தந்தை கப்பலில் போய்க் கொண்டுவந்த அம்ப் அது. அதன் பின் ஷெல்டன் இந்தச் சந்துக்குள் வரவில்லை. மூன்று மீட்டர்கள் வந்ததும், கால் ஆடத் தொடங்கியதும் அதன் பின்தான் என்று நேசம் எனக்குத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

சென்ற சனிக்கிழமை நான் ஒலிபெருக்கியை எடுக்கப் போயிருந்தேன். பகல் இரண்டு மணி. சந்து வாயிலில் ஒரு வான் நின்றது. பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி பருத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்து இறக்கினார்.

"ஷெல்டனா?" என்றார் நேசம். "இருங்களேன். கோப்பி குடிக்கிறீங்களா?"

"வேணாம் அக்கா. வான் றோட்டில நிக்குது." பிறகு வலன்ரைனைப் பாராமல், பெட்டியைப் பார்த்துச் சொன்னார்: "பாஸ், ஆறு மணிக்கு வெள்ளவத்தையில வெடிங், கல்யாணப் பாட்டு வாசிக்கவேணும். புது அம்ப், என்ர சொந்த அக்கா மெல்பேர்னில இருந்து அனுப்பினது. இந்தப் பெட்டி புறக்கோட்டையில எடுத்தது. வயர் எல்லாம் அறுந்து கிடக்கு. மருதானையில கேட்டன், ஒரு கிழமை வேணுமாம். நாலு ஸ்பீக்கரும் எட்டு ஓம்ஸ். எட்டில கட்டித் தந்தாப் போதும்."

முன்பின் தெரியாத திருத்துநரைக் கூப்பிடும் அந்தப் 'பாஸ்' வலன்ரைனைத் தைத்திருக்க வேண்டும். அவர் மீட்டரை எடுத்தார். எட்டு என்றுள்ள ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு சொச்சம் காட்டும், அது வழக்கம். முதலாவது ஆறு சொச்சம். இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே. நான்காவது மூன்று சொச்சம். இரண்டாம் மீட்டரால் பார்த்தார். மூன்றாவதாலும் பார்த்தார்.

"மூண்டு ஸ்பீக்கர்தான் எட்டு. இது நாலு."

"லேபல்ல எட்டெண்டுதானே கிடக்கு?"

"அண்டைக்கும் லேபல்லதான் கிடந்தது."

ஷெல்டன் குனிந்து சீட்டை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு, "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றார்.

"ரெண்ட மட்டும் கட்டுவன். ரெண்டு எட்டப் பக்கத்தில பக்கத்தில கட்டினா நாலு. அம்பையும் நாலில வைப்பம். ஐம்பது வோட் அம்ப்தானே, ரெண்டும் தாங்கும்."

"மற்ற ரெண்டும்?"

"சும்மா இருந்து வெடிங் பாக்கட்டும்."

ஷெல்டனின் முகம் சிவந்தது, மரியாதையும் கழன்றது. "பகிடி விடாத. பாதிப் பெட்டியோட போனா ட்ரம்ஸ்காரன் என்னைத் தின்னுருவான். நாலையும் கட்டு. ஒரு இரவுதானே, கொஞ்சம் கூடக்குறைய நிண்டா என்ன?"

"கட்டமாட்டன்."

"இந்தப் பயம் உனக்கு நாலு வருஷத்துக்கு முந்தி வந்திருக்கவேணும்."

"வந்திருக்கவேணும்தான்," என்றார் வலன்ரைன். முழங்கால் கடுமையாக ஆடியது. "வேற ஆளிட்டக் கொண்டு போறதெண்டா நானே தூக்கி வான்ல வச்சு விடுறன். நாலையும் கட்டமாட்டன்."

ஷெல்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படியில் இருந்த ஆறிய பிளேன்றீயை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் அமர்ந்தார். "செய்," என்றார்.

வலன்ரைன் ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைத்தார். கம்பியைப் பற்றியிருந்த கை மட்டும் அசையவில்லை. மற்ற உறுப்புகள் எல்லாம் அசைந்தன. பற்றரியால் கூம்புகளை எழுப்பிப் பார்த்தார், ஐந்து தரம். கோத்த பெட்டியை மூன்று மீட்டர்களாலும் அளந்தார், மூன்றும் ஒத்தன. ஷெல்டன் வானிலிருந்து புது அம்பையும் கிற்றாரையும் கொண்டுவந்ததும், வலன்ரைன் அம்பின் திருகை நாலுக்குத் திருப்பினார். திருப்பியதை ஷெல்டனுக்குக் காட்டினார், எனக்குக் காட்டினார், நேசத்தையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"எனக்கு இதில என்ன விளங்கும்?" என்றார் நேசம்.

"நாலெண்டு வாசிக்கத் தெரியும்தானே. வாசி."

"நாலு," என்றார் நேசம்.

ஷெல்டன் கிற்றாரை அம்பில் கொளுவினார். முதலில் மெல்லிய தேவாலய மெட்டு ஒன்று. அரைப் பெட்டியின் ஒலியே அறையை நிறைத்தது. சன்னல் விளிம்பில் இருந்த கோப்பை நடுங்கியது. அம்பின் பின்புறம் துருத்தி நிற்கும் மின்மாற்றியின் இரும்பு மூடியில் வலன்ரைன் புறங்கையை வைத்தார். எடுத்தார். வைத்தார். இரண்டாவதாக ஒரு பழைய சினிமாப் பாட்டு, முழு ஒலியில். எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது. இரும்பு இளஞ்சூடாகவே இருப்பதாக அவர் தலையசைப்பில் தெரிந்தது. எனினும் கை போய்ப் போய் வந்தது.

பாட்டு முடிந்ததும் அம்பை நிறுத்த ஷெல்டன் கையை நீட்டினார். மணி நான்கைத் தாண்டியிருந்தது. வெள்ளவத்தைக்குப் போகிற காலி வீதியில் சனிக்கிழமை மாலை வாகன நெரிசல் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நீட்டிய கை பொத்தானில் படவில்லை. மின்மாற்றியின் அருகே அந்தரத்தில் நின்ற புறங்கையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்டு வாசிக்கிறன் மச்சான்," என்றார்.

மூன்றாவதாகத் துள்ளலான பைலாப் பாட்டு தொடங்கியது. சந்தில் யாரோ விசில் அடித்தார்கள். வலன்ரைன் பின்புறமாகக் குனிந்து நின்றார். பாட்டு நடுவை எட்டியது, கடந்தது. புகை இல்லை. அவர் கையை மெல்லப் புரட்டினார். உள்ளங்கை முழுவதையும் அந்த இரும்பின்மேல் படிய வைத்து, ஷெல்டன் வாசித்து முடிக்கும்வரை அசையாமல் நின்றார்.