பொய் சொல்லாத ஸ்கிரீன்

திரைச்சீலையை இழுத்து மூடி, கதவிடுக்கில் துவாயைச் செருகிவிட்டு, விஜயரத்தினம் சாமித்தட்டுப் பக்கம் திரும்புகிறார். பிள்ளையாருக்கு முன்னால் எரியும் சிவப்பு மின்குமிழைப் பட்டென்று அணைக்கிறார். சாமியை இருட்டில் வைக்கிற வீடு உருப்படாது என்று குசினியிலிருந்து மனைவி சிவமலரின் குரல் வருகிறது. "பிள்ளையார் பொறுப்பார், ஸ்கிரீன் பொறுக்காது" என்கிறார் அவர்.

லண்டனின் சட்டன் பகுதியில் தமிழ்க் கலியாண ஆல்பம் என்றால் விஜயரத்தினம்தான். படம் பிடிப்பது வேறு ஆட்கள். அவற்றைக் கணினியில் அடுக்கி, நிறம் பார்த்து, அச்சுக்கு அனுப்புவது இவர். மாதம் ஒருமுறை திரைக்கு வைத்தியம் நடக்கும். மவுஸ் அளவில் கறுப்பாக ஒரு கலரிமீட்டர் வைத்திருக்கிறார். அதைத் திரையின் நடுவில் தொங்கவிட்டால், திரை சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று மாறி மாறிக் காட்டும். எந்த நிறம் கூடிப்போயிற்று, எது குறைந்தது என்று கருவி அளந்து சொல்ல, கணினி திருத்திக்கொள்ளும். அதுவரை அறையில் யாரும் இருமக்கூடாது. இருமலுக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்து வீட்டுக்காரனான நான் ஒருநாள் கேட்டேன். முறைத்தார்.

உடுப்பதெல்லாம் சாம்பல் நிறம். வேறு நிறத்தில் சட்டை போட்டால் அதன் சாயல் திரையில் விழுமாம். அறைச் சுவரும் சாம்பல்தான். முதல்முறை வந்த என் மனைவி, இங்கே யாராவது தவறிவிட்டார்களா என்று என் காதுக்குள் கேட்டாள்.

ஊரார் வீட்டிலும் மனிதர் சும்மா இருப்பதில்லை. எங்கள் மகனின் பிறந்தநாளில் கேக் வெட்டும்போது இவர் ரிமோட்டும் கையுமாக டீவிக்கு முன்னால் குந்தியிருந்தார். "அண்ணை, உங்கட டீவிக்குச் செங்கமாரி பிடிச்சிருக்கு" என்று மஞ்சள்காமாலைக்கு வைத்தியம் பார்ப்பதுபோல் நிறத்தைத் திருத்தினார். மஞ்சள் இறங்கியதென்னவோ உண்மை. ஆனால் செய்தி வாசிக்கிற பெண் கறுத்துவிட்டாள் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் முறைப்பாடு.

மணப்பெண்களின் தாய்மார்தான் அவருக்கு எமன். பிள்ளையைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரச்சொல்லி வருவார்கள். கூறைச்சேலையின் சிவப்பு மாறலாமா என்று இவர் கேட்பார். மாப்பிள்ளை வீட்டார் வாங்கிக் கொடுத்த கூறை, அதன் நிறம் மாறினால் ஊர் சிரிக்குமே என்று அவர்கள் பதறுவார்கள். அப்படியென்றால் முகம் மட்டும் ஏன் மாறவேண்டும் என்பார். கோபித்துக்கொண்டு போனவர்கள் பலர். போகட்டும் என்று இருந்தார்.

சோதனை அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் தயாளினிக்கு ரொறன்ரோவிலிருந்து ஒரு சம்பந்தம். பொருத்தம் சரி, படிப்பும் சரி. படங்கள் ஈமெயிலில் போய் வந்தன. மாப்பிள்ளை பவித்திரனின் படத்தைப் பார்த்த தயாளினி, அம்மா அப்பாவின் இஷ்டம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளையின் தாயோ, பிள்ளை நிறம் கொஞ்சம் மட்டுப்போல, வேறு படம் இருந்தால் அனுப்புங்கோ என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். அதற்குள் மறைந்திருந்த 'வேண்டாம்' சிவமலருக்கு நன்றாகவே கேட்டது.

"உங்கட ஸ்கிரீனுக்காகப் பிள்ளையை வீட்டிலேயே வச்சிருக்கப்போறியளோ?" என்று அழுதாள் சிவமலர். நான் தேநீர்க் கோப்பையோடு நடுவில் அகப்பட்டுக்கொண்டேன்.

விஜயரத்தினம் மகளின் படத்தைத் திறந்தார். மவுஸை மெல்ல இழுத்தார். தயாளினி வெளுத்தாள், இன்னும் வெளுத்தாள், கடைசியில் யாரோ ஒருத்தியானாள். எனக்கே நெஞ்சு பொறுக்கவில்லை. பெற்றவருக்கு எப்படி இருந்திருக்கும்? "இது என்ர பிள்ளை இல்லை" என்று பழையபடி மாற்றினார்.

அதே வேகத்தில் மாப்பிள்ளையின் படத்தைத் திறந்தார். அங்கே யாரோ முகத்துக்கு மட்டும் வெள்ளையடித்துவிட்டு, கைகளை மறந்துபோயிருந்தார்கள். விஜயரத்தினம் கையின் நிறத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தார். சுண்ணாம்புக்குள்ளிருந்து தாடி நிழலும், புருவத்தில் ஒரு சின்னத் தழும்பும், குறும்புக் கண்களுமாக உயிருள்ள ஒரு பொடியன் வெளியே வந்தான். நானோ சிவமலரோ தடுப்பதற்குள், 'உங்கட மகனின்ர நிறம் இதுதானே, அக்கா? இனி ரெண்டு பேரின்ர படத்தையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ' என்று எழுதி, திருத்திய படத்தோடு மாப்பிள்ளையின் தாய்க்கு அனுப்பியும் விட்டார். சம்பந்தம் முறிந்தது என்று சிவமலர் தலையில் கைவைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் மாலை, ஆறுதல் சொல்ல அவருடைய சாம்பல் அறைக்குப் போயிருந்தேன். தயாளினி வேலை முடிந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, ரொறன்ரோ அழைத்தது. வசை எல்லோருக்கும் பொது என்று சிவமலர் ஸ்பீக்கரை அழுத்தினாள். பேசியது தாய் இல்லை.

"அங்கிள், பவித்திரன் கதைக்கிறன். அம்மா சரியான கோவம். எனக்கு நீங்கள் திருத்தி அனுப்பின படம் பிடிச்சிருக்கு. தயாளினியோட கதைக்க ஏலுமோ?"

தயாளினி ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, திரையில் இருந்த பவித்திரனின் முகத்தை ஓரமாக நின்று எட்டிப் பார்த்தாள். விஜயரத்தினம் எழுந்து தன் கதிரையை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்ததும், சரிவாகப் பார்த்தால் நிறம் பிழையாகத் தெரியுமே என்று, திரையை இரண்டு கையாலும் பிடித்து மெல்லச் சாய்த்து அவள் கண்ணுக்கு நேராக வைத்தார்.