ஏழாம் நம்பர் ஒட்டு

சுடலைக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. டீ ஆற்றுகிறவரின் கையைக்கூட எட்டிப் பார்க்கிற ஆள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்து இருபது வருஷம் ஆகிறது. ராயபுரத்தில் ஒரு பட்டறையில், துணிக்குச் சாயம் ஏற்றும் பெரிய எவர்சில்வர் தொட்டிகளுக்கு வெல்டிங் வைக்கிறார். ஒவ்வொரு ஒட்டின் ஓரத்திலும் வெல்டர் தன் நம்பரைக் குத்த வேண்டும். அவருடையது ஏழு. அந்த ஏழாம் நம்பரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்.

அவரிடம் போய் எஞ்சினியர் சிவராஜ் ஒரு லேப்டாப்பைக் காட்டினால் எப்படி இருக்கும்? வெல்டிங் மெஷினில் பதிவான கரண்ட், வேகம், சூடு எல்லாம் அதற்குள் போகுமாம். எந்த ஒட்டு எவ்வளவு தாங்கும் என்று உடைத்துப் பார்க்காமலே சொல்லிவிடுமாம். புதுத் தொட்டியின் நாலு ஒட்டில் மூன்று தேறின. ஒன்று தாங்காது என்றது. அதில் ஏழு குத்தியிருந்தது.

சுடலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வெல்டர் கந்தவேல் நம்பரை மாற்றிக் குத்தியிருப்பானோ? தன்னைக் கழற்றிவிடச் சிவராஜே கணக்கைத் திருத்தினாரோ?

"தீயையே பாக்காத பொட்டிக்கு என்ன சார் தெரியும்?"

"பொட்டி சொந்தமா ஒண்ணுஞ் சொல்லலீங்கண்ணா. அன்னைக்கு நீங்க வெச்ச கரண்டத்தானுங்க சொல்லுது."

வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் பொரிந்து தள்ளினார். மனைவி சீனியம்மாளுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அந்தத் தொட்டி போகப்போவது அவள் பட்டறைக்குத்தான். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் கொதிக்கும்போது, பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கப்போகிறவளும் அவள்தான். என்றைக்கு ஒட்டியது என்று கேட்டாள். போன செவ்வாய் என்றார்.

"கோயில் கொடைக்கு ஊருக்குப் போவணும், பஸ்ஸப் பிடிக்கணும்னு மூணு மணிக்கே ஓடியாந்தியளே, அந்தச் செவ்வாயா?"

பிசைந்த கை அப்படியே நின்றது. சாயங்காலம் வரை இழுக்க வேண்டிய வேலை. சூடு மீறினால் ஒட்டு கெட்டுப்போகும் என்று தெரிந்தும், கரண்டை ஏற்றி, ஒரு சுற்று ஆறுவதற்குள் அதன் மேலேயே அடுத்த சுற்றைப் போட்டுவிட்டுக் கிளம்பியது அவரேதான். கறுத்துப்போனதை மருந்து போட்டுத் தேய்த்து மினுக்கியதும் அவரேதான். அட பாவி மனுஷா, ஊரையெல்லாம் சந்தேகப்பட்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டார். சீனியம்மாளை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாள் பட்டறை திறந்ததும், யாரிடமும் கேட்காமல் அந்த ஒட்டை அறுக்க ஆரம்பித்தார். சிவராஜ் ஓடிவந்தார். "பொட்டிய நம்பீட்டீங்களாண்ணா?"

"பொட்டிய நம்பல சார். ஏழாம் நம்பர்க்காரன நம்பல."

மறுபடி ஒட்டும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் கரண்டைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கந்தவேலைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்.