வாய் திறக்காத ஹலினா

பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்து ஆலோசகர் அம்மாள் டைப்பிங் படித்தால் போதும் என்று சொல்லியும், ஹலினா இரவு வகுப்புக்குப் போய் மனோதத்துவத்தில் பட்டம் வாங்கினாள். இரண்டு தடவை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய, நகல் மெஷின் செய்யும் ஹேலெட் கம்பெனியில் மூன்றாவது தடவை வேலை வாங்கினாள். எஞ்சினியர்கள் மட்டும் உட்காரும் மாடியில் தனக்கென்று ஓர் அறை வாங்கினாள். ஜன்னல் இல்லாத அறைதான், ஆனால் கதவில் பூட்டு இருந்தது. நகல் மெஷின் என்றால் பொத்தான்தான் என்று சாதித்தவர்களை, கண்ணாடியில் தெரியும் படத்தை விரலால் தொட்டாலே போதும் என்று ஒப்புக்கொள்ள வைத்தாள். சர்ச் பௌலிங் போட்டியில் இடது கையால் உருட்டிக் கோப்பையும் வாங்கினாள்.

இந்தப் பட்டியலை அக்கா ப்ரோனியா யாரிடமும் பாதியில் நிறுத்தியதில்லை. பல் டாக்டரிடம்கூட, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, பௌலிங் கோப்பை வரைக்கும் சொல்லி முடித்திருக்கிறாள்.

ப்ரோனியா பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டவள். அமெரிக்காவில், ராசெஸ்டர் நகரத்தில், ஆண்களுக்குக் கோட்டு தைக்கும் தொழிற்சாலையில் காஜா சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு காஜாவில் நூல் ஓர் இழை பிசகியிருந்தாலும் கோட்டு திரும்பிப் போய்விடும். தையல்காரிகள் அவளுக்குப் பின்னால் முகத்தைச் சுளிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை.

அப்பா அம்மா போன பிறகு அக்காவும் தங்கையும் ஹட்சன் அவென்யூவில் அதே மாடி வீட்டில் இருந்தார்கள். அந்தக் குளிர்காலங்களை நினைத்தால் ப்ரோனியாவுக்கு முதலில் ஞாபகம் வருவது சமையலறை மேஜைதான். அறையைச் சூடேற்றும் குழாய் ஒரு மூலையில் உஸ்ஸென்று மூச்சு விடும். அடுப்பில் பியரோகிக் கொழுக்கட்டைக்கு வெங்காயம் வதங்கும். மேஜை முழுக்க வெள்ளை அட்டைகள் பரப்பிக் கிடக்கும். ஒவ்வோர் அட்டையும் நகல் மெஷினின் ஒரு திரை. ஹலினா பென்சிலால் படம் போடுவாள், ப்ரோனியா தையல் கத்தரியை எடுத்து வெட்டுவாள். முனைகளை வளைத்து வெட்டச் சொன்னால் நாலு முனையும் ஒரே வளைவாக வரும்.

பிறகு ஆட்டம். ஹலினாதான் மெஷின். ப்ரோனியா அட்டையில் இருக்கும் படத்தை விரலால் தொட வேண்டும். எதைத் தொட்டாளோ அதற்கு ஏற்ற அடுத்த அட்டையை மெஷின் எடுத்து வைக்கும். மெஷின் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. தொடுகிறவள் மட்டும் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும்.

"இது என்னடி, ரெண்டு காகிதமா? இதத் தொட்டா என்ன ஆகும்?"

மெஷின் பதில் சொல்லாது.

"நெஜ மெஷினாவது கரகரன்னு சத்தம் போடும். நீ கல்லு மாதிரி உக்காந்திருக்க. ஒன்னக் கட்டிக்கப் போறவன் பாவம்."

மெஷினின் உதடு துடிக்கும், ஆனால் வாய் திறக்காது. வெங்காயம் தீயும் வாசனை வந்தால்தான் இரண்டு பேரும் எழுந்து ஓடுவார்கள்.

அட்டையில் தொடங்கியது மெல்ல மெல்லக் கம்பெனியில் நிஜக் கண்ணாடித் திரையாயிற்று. அட்டைக் காலத்துப் படங்களில் பாதிக்கு மேல் அடையாளம் தெரியாமல் மாறியும் போயின. ஹலினா வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்துச் சோதனை செய்தாள். வக்கீல் ஆபீஸ் உதவியாளர்கள், பள்ளிக்கூட குமாஸ்தாக்கள், சர்ச் அறிக்கை அடிக்கிறவர்கள் என்று இந்த மெஷின் முன்னால் தினமும் நிற்கப் போகிறவர்கள்தான் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே வேலை: இரண்டு பக்கமும் அச்சான ஒரு தாளை, இரண்டு பக்கமும் வருகிற மாதிரி ஒரே தாளில் நகல் எடுக்க வேண்டும். ஹலினா பக்கத்து நாற்காலியில் எழுதும் அட்டையோடு உட்கார்ந்திருப்பாள். வீட்டு ஆட்டத்தின் அதே சட்டம்தான், வாய் திறக்கக் கூடாது. அவள் திறந்ததும் இல்லை. திரைக்கு மேலே ஒரு காமிரா, தொடுகிறவர்களின் விரலை மட்டும் டேப்பில் பிடித்துக்கொண்டிருக்கும்.

வந்தவர்கள் அநேகமாக எல்லாருமே ஜெயித்தார்கள். கம்பெனியில் அப்போது இரண்டு கட்சி இருந்தது. பொத்தான் வரிசை போதும், கண்ணாடி வீண் செலவு என்றது ஒரு கட்சி. ஹலினாவின் மேலாளர் டர்க்கி கண்ணாடிக் கட்சி. சோதனை அறிக்கைகள் அவர் பெயரில்தான் மேலே போகும். ஹலினாவின் பெயர், தட்டச்சு செய்தவர்களின் பெயர் வருகிற மாதிரி, கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு சின்ன எழுத்தாக நிற்கும். எந்தக் கட்சிக்கு மெஷின் என்பதை வருகிற திங்கட்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்வதாக இருந்தது. ஹலினா மூன்று வருஷமாக வரைந்த கண்ணாடி அன்றைக்குப் பிழைக்கும், அல்லது குப்பைக்குப் போகும்.

அதற்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை சோதனை அறைக்கு இரண்டாவது காமிரா வந்தது, ஆளின் முகத்தைப் பிடிக்க. அது சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு முகம் வேண்டியிருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் வா என்று ஹலினா அக்காவுக்குப் போன் செய்தாள். சொந்தக்காரர்கள் கணக்கில் வர மாட்டார்கள், சும்மா உட்கார்ந்து எல்லாரும் செய்வதைச் செய்தால் போதும் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

ப்ரோனியாவுக்கு எதையும் சும்மா செய்து பழக்கமில்லை. கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். திரையில் வரிசையாகப் படங்கள் தெரிந்தன. எது எதற்கு என்று அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. தங்கையின் கண்ணாடி முன்னால் தான் தோற்றுப்போவதா என்று ரோஷம் வந்தது. விரலை ஒரு படத்துக்கு நேராக நீட்டினாள். பக்கத்தில் ஹலினாவின் பேனா அந்தரத்தில் நின்றது. விரலை நகர்த்தினாள், பேனாவும் அசைந்தது. இன்னொரு படத்துக்குப் போனபோது பேனா காகிதத்தில் இறங்கி, எழுதத் தயாராகிவிட்டது. ப்ரோனியா அந்தப் படத்தைத் தொட்டாள். அப்புறம் மீதி வழியும் அப்படியே சுலபமாகப் போயிற்று. இரண்டு பக்கமும் அச்சான தாள் சூடாக வந்து விழுந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அவளுக்குப் பெருமை. தான் தங்கையை ஜெயிக்க வைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் ஹலினா முட்கரண்டியைத் தொடவே இல்லை.

"ப்ரோனியா, நேத்து நீ எங்க பாத்துட்டு இருந்த?"

"வேற எங்க? ஒன் கண்ணாடியத்தான்."

"டேப்புல உன் கண்ணு தெரியுது."

ப்ரோனியா உப்பை எடுத்தாள், போடாமல் திரும்ப வைத்தாள். "சரி, ஒன் பேனாவப் பாத்தேன். சின்ன வயசுலேருந்து நீ அப்படித்தானே. நல்ல சீட்டு வந்தா ஒன் கட்டவிரல் சும்மா இருக்காது. அப்பாகூட அதப் பாத்துத்தான் ஒன்னத் தோக்கடிப்பாரு."

ஹலினா சிரிக்கவில்லை. மற்றவர்களும் பேனாவைப் பார்த்திருப்பார்களா என்று கேட்டாள். மற்றவர்கள் யாரும் அவளோடு சீட்டு ஆடினதில்லையே என்று ப்ரோனியா சமாதானம் சொன்னாள். ஆனால் ஹலினா பழைய டேப்புகளையெல்லாம் அன்றைக்கே திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஒவ்வொரு டேப்பிலும் விரல் ஒரு படத்தின் மேல் தயங்கி நிற்கிறது, தொடாமல் விலகுகிறது, சரியான படத்துக்கு வந்து இறங்குகிறது. இதுநாள் வரை அவர்கள் யோசிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால், காத்திருந்த மாதிரி இருந்தது.

"யாருக்குத் தெரியப் போகுது? நல்ல கண்ணாடி அது. எனக்குப் பிடிச்சிருக்கு."

"நல்ல கண்ணாடியாவே இருக்கட்டும். மெஷின் வாங்குற ஒவ்வொரு ஆபீசுக்கும் பேனாவும் கையுமா என்னையும் சேத்து அனுப்ப முடியுமா?"

"அனுப்பட்டுமே. ஃப்ளோரிடாவுக்கு அனுப்பினா சொல்லு, நானும் வரேன்."

அதற்கும் ஹலினா சிரிக்கவில்லை. திங்கட்கிழமைக்கு முன்னால் இன்னொரு தரம் சோதனை செய்யப் போவதாகவும், இந்தத் தடவை தான் சுவருக்குப் பின்னால் இருக்கப் போவதாகவும் சொன்னாள்.

வியாழக்கிழமை முழுக்க ப்ரோனியாவுக்கு வேலை ஓடவில்லை. பழுதில்லாத ஒரு கோட்டைத் திரும்பிப் போகிற குவியலில் போட்டுவிட்டு, தானே போய் எடுத்து வந்தாள். அந்த அறையில் போய் உட்கார்ந்திருக்கவே கூடாது என்று திரும்பத் திரும்பத் தோன்றியது. உட்கார்ந்தாலும், ஒழுங்காகத் தோற்றிருக்கலாம்.

சாயங்காலம் ஹலினா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள். பக்கத்தில் யாரும் இல்லாத நாற்காலியில் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டு பேர் பாதியில் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் ஒரு பள்ளிக்கூட குமாஸ்தா, திருமதி டெசொரியேரோ. இரண்டு பிரதி எடுப்பதற்காக வைத்திருந்த, ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு காகிதப் படத்தைப் பார்த்ததும் அந்த அம்மாள், "ரெண்டு பக்கம்னா இதுதான் போலிருக்கு" என்று சந்தோஷமாகத் தொட்டாள். ஒரே பக்கத்துக்கு இரண்டு பிரதி வந்தது. இரண்டையும் நீவி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, இவ்வளவு சுலபமான மெஷினைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"திட்டியிருந்தா பரவால்ல" என்றாள் ஹலினா. "தேங்க்ஸ் சொல்லிட்டுப் போறாங்க."

ப்ரோனியா குனிந்து அவளுடைய பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போகிற நாள். ஐந்து மணிக்கு ப்ரோனியா காரை எடுத்துக்கொண்டு ஹேலெட் வாசலுக்குப் போனாள். ஹலினா வரவில்லை. ஹீட்டர் வேலை செய்யாத காரில் உட்கார முடியாமல் உள்ளே போய், காவல்காரர் மேஜை பக்கத்தில் நின்றாள். மேலேயிருந்து ஆட்கள் வார இறுதிக் களையோடு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஹலினா வந்தாள், கையில் நாலு பக்க அறிக்கையோடு.

முந்தைய சோதனைகள் எதையும் நம்ப முடியாது, அதற்குக் காரணம் சோதனை செய்தவரின் கை, பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்தால் கண்ணாடி தோற்கிறது என்று அறிக்கை சொல்லியது. டர்க்கி அதை இரண்டு தரம் படித்தாராம். கத்தவில்லையாம். எஞ்சினியர்களுக்கு இது தெரிய வேண்டிய அவசியம் என்ன என்று மட்டும் கேட்டாராம். திங்கட்கிழமைக்கு அப்புறம் படத்தை மாற்றிக்கொள்ளலாமே என்றாராம். ஹலினா சம்மதிக்கவில்லை.

"அப்ப இதுல என் பேரு வராது. உன் பேரப் போட்டுக்கோ." டர்க்கி சொன்னதை ஹலினா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

திங்கட்கிழமை முடிவு செய்யப்போகும் கமிட்டிக்காரர்களின் தபால் பெட்டிகள் காவல்காரருக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இருந்தன. ஐந்தரைக்கு அவர் அந்த அறையைப் பூட்டிவிடுவார். ப்ரோனியா தங்கையின் முழங்கையைப் பிடித்தாள்.

"இத உள்ள போட்டா ஒன் கண்ணாடி போயிடும், இல்ல?"

"போயிடும்."

"ஒன் வேல?"

"தெரியல."

ப்ரோனியாவுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. இரவு வகுப்புக்குப் பனியில் நடந்து போனதைச் சொல்லலாம், மூன்று வருஷ அட்டைகளைச் சொல்லலாம். இது தன்னால் வந்த வினை, தன் ஒருத்தியின் டேப்பை மட்டும் கிழித்துப் போட்டால் போதாதா என்றும் கேட்கலாம். ஆனால் இழை பிசகின காஜாவைத் தெரிந்தே ஒரு தடவைகூட அவள் விட்டதில்லை. முழங்கையை விட்டுவிட்டு, காவல்காரரிடம் மேஜையில் கொஞ்சம் இடம் கேட்டாள். அவர் தன் சாப்பாட்டு டப்பாவை ஓரமாக நகர்த்திக் கொடுத்தார். ஹலினா கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

திங்கட்கிழமை பொத்தான்கள்தான் ஜெயித்தன. கண்ணாடி அதற்கடுத்த மெஷினுக்குத்தான் வந்தது, இரண்டு பக்க நகலுக்கென்று, முனை புரண்டு பின்பக்கம் தெரிகிற ஒரே காகிதப் படத்தோடு. டர்க்கி அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அந்தக் கதையையும் ப்ரோனியா சொல்வதுண்டு, கேட்கிறவர்களுக்கு நேரமிருந்தால். கம்பெனியில் எல்லாரும் ஹலினாவை ஹெலன் என்று கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை, காவல்காரர் மேஜையில், நாலாம் பக்கத்தின் அடியில், ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை, எழுத்து ஒன்றும் விடாமல், நிதானமாக அவள் எழுதினாள்: ஹலினா வோய்தஸ், நவம்பர் 14, 1986.