எட்டாவது வரி

சனிக்கிழமைத் தெலுங்கு வகுப்பில் நாங்கள் பதினோரு பேர். பத்துப் பேருக்குத் தெலுங்குதான் வீட்டுப் பேச்சு. மீதி ஒருவன் நான்.

அவர்கள் எல்லோரும் கொரட்டூரிலும் கள்ளிக்குப்பத்திலும் வளர்ந்து தமிழில் படித்தவர்கள். பேச வரும், எழுத்து தெரியாது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் நெல்லூர்க்காரப் பெண் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பேச்சும் சொல்லித்தருவார் என்று எண்ணி நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

எனக்கு வேறு வழியில்லை. மருமகளின் அப்பா குண்டூர்க்காரர். சென்ற முறை பன்னிரண்டு நாள் தங்கினார். பிள்ளைகள் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டால் ஃபிளாட்டில் நாங்கள் இரண்டு கிழவர்கள்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. பன்னிரண்டு நாளில் எங்களுக்குள் புழங்கியவை காபி, பேப்பர், பி.பி. என்ற மூன்று சொற்கள். மற்ற நேரமெல்லாம் புன்னகை செய்து எனக்குத் தாடை வலித்தது. இந்த முறை கண் அறுவைக்காக நாற்பது நாள் தங்கப்போகிறார் என்றார்கள். நாற்பது நாள் எப்படிச் சிரிப்பது?

வகுப்பிலோ என்னால் வாயே திறக்க முடியவில்லை. அவர்கள் பேசும் வேகத்தில் ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்றே புரியாது. திடீரென்று பத்துப் பேரும் சிரிப்பார்கள். என்னைப் பற்றியோ என்று சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். ஐந்து பொத்தானும் சரியாகத்தான் இருக்கும்.

ஒவ்வொருவரும் பாடப் புத்தகத்தில் ஒரு வரி படிக்க வேண்டும் என்பது முறை. நான் ஒரு தந்திரம் செய்தேன். எனக்கு முன்னால் ஏழு தலை. ஆகவே எட்டாவது வரி எனக்கு. உட்கார்ந்ததும் அதைக் கண்டுபிடித்து மனத்துக்குள் உருப்போடுவேன். மற்றவர்கள் படிப்பது எதுவும் காதில் விழாது. மூன்று வாரம் இப்படியே தப்பித்தேன்.

நான்காவது வாரம், ஐந்தாவதாக உட்கார்ந்திருந்த அம்மாள் கைப்பேசி ஒலிக்கவே எழுந்து வெளியே போய்விட்டார். கணக்கு ஒன்று குறைந்தது. எனக்கு ஏழாவது வரி. பார்த்தறியாத வரி, அதில் மூன்று கூட்டெழுத்துகள். இன்றோடு நின்றுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் விரலை வைத்தேன். எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். பொருள் ஒன்றும் தெரியவில்லை. முடித்து நிமிர்ந்தால், யாரும் சிரிக்கவில்லை. பிறகு யாரோ வரியின் பொருளைச் சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள்.

என் பக்கத்தில் ஏழாவதாக உட்காருபவர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். வகுப்பு முடிந்ததும் என் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"இன்னா சார், பாக்காத வரிய அப்டியே படிச்சிட்ட? எனக்கு இந்த எழுத்தெல்லாம் ஜாங்கிரி மாரி கீது."

பயந்துகொண்டே என் தந்திரத்தைச் சொன்னேன்.

"நானும் எண்ணிக்கினுதான் சார் குந்திக்கீறேன். அந்தம்மா எய்ந்து போச்சா, எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு. நான் தெணறுனத நீ கேக்கலியா?"

கேட்கவில்லை. அப்போது நான் பதறிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் அரை மணி முன்னதாகவே வந்துவிடுவோம். அவருக்கு நான் எழுத்துக் கூட்டித் தருவேன். அவர் எனக்குப் பேச்சு சொல்லித்தருவார். சம்பந்தி தூங்கினாரா என்று கேட்க ஒரு வாக்கியத்தைப் பத்துத் தடவை சொல்ல வைத்தார்.

"கடைசீல 'அண்டி' போடு சார். சம்பந்தி ஆச்சே, மருவாதி வேணும்."

சம்பந்தி வந்து சேர்ந்த மறுநாள் காலை, பிள்ளைகள் கிளம்பியதும், காபியை அவர் முன் வைத்துவிட்டு, "ராத்திரி நித்ர பட்டிந்தா அண்டி?" என்று கேட்டேன்.

டம்ளரை எடுக்கப் போன கை நின்றது. பிறகு ஆரம்பித்தார். கொசு, தலையணை, ரயில் சத்தம் என்று கையாலும் காட்டிக்கொண்டே பேசினார். எனக்குப் பிடிபட்டது நாலில் ஒரு பங்கு இருக்கும். இடையிடையே "அண்டி" மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். காபி இரண்டும் ஆறிப்போயின. மறுபடி சூடாக்கினேன்.

இன்றோடு ஒன்பது நாள். நேற்று ராத்திரி தூக்கம் எப்படி என்று இன்று அவர் என்னைக் கேட்டார். சொல்ல எனக்கு நிறைய இருந்தது, சொல்தான் போதவில்லை. சனிக்கிழமை லேத்காரரிடம் கேட்க ஆறு சொற்களைத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன்.