தெல்மா டக்கெட் சொல்லி முடித்த கதை

நான் குடிவந்த முதல் வாரமே பக்கத்து வீட்டு தெல்மா டக்கெட்டுக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பழகலாமே என்று ஒரு டப்பாவில் கேசரி கொண்டுபோனேன். கதவைப் பாதி திறந்தவள் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதுக்குப் பதிலா நான் என்ன செய்யணும்?”

மறுநாள் டப்பா பளபளவென்று கழுவி வந்தது. கேசரி எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் அகப்பட்ட ஏலக்காய் என்ன விதை, யார் விற்கிறார்கள் என்று மட்டும் விசாரித்தாள்.

அவள் பார்த்த வேலை அப்படி. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், வீடு எரிந்தது, நகை தொலைந்தது என்று வருகிறவர்கள் சொல்வது நிஜமா என்று துருவும் பிரிவு. ஓய்வு பெற்றும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. எங்கள் ஊரான ஆஷ்கோம்பில் பாதிரியார் புதுக் கார் வாங்கினாலும் அவளுக்கு உறுத்தும், பேக்கரிக்காரன் சும்மா சிரித்தாலும் உறுத்தும்.

அவள் கணவர் ராய் ஒரு மார்ச் மாதக் காலையில் நாயை நடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாய் மட்டும் திரும்பி வந்தது. ராயைக் கால்வாயிலிருந்து எடுத்தார்கள். வழுக்கி விழுந்தாரா, தானாக இறங்கினாரா, யாராவது தள்ளினார்களா? எதையும் உறுதியாகச் சொல்ல ஆதாரமில்லை என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பெழுதி முடித்துவிட்டார். ஊரார் வீட்டு உண்மைகளையெல்லாம் தோண்டியெடுத்த தெல்மாவுக்குத் தன் வீட்டு உண்மை கடைசிவரை கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் அவள் டோரா ஹெபிள் துப்பறியும் கதைகளைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் அவை இல்லாத வீடு இல்லை. குளியலறை ஜன்னலில்கூட ஈரம் பட்டு உப்பிக் கிடக்கும். டோரா ஒரு கிராமத்துத் தபால் நிலையக்காரி, குண்டானவள், பிளம் கேக் சுடுவதில் கெட்டிக்காரி. ஒவ்வொரு புத்தகத்திலும் யாராவது ஒருவர் அதிகம் ரத்தம் சிந்தாமல் செத்துப்போவார். கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, டோரா டீ ஊற்றிக்கொண்டே குற்றவாளி யார் என்று சொல்வாள்.

“கொலைன்னா உனக்கு அவ்வளவு இஷ்டமா?” என்று ஒருநாள் சீண்டினேன்.

“கொலைக்காக யார் படிக்கிறா? கடைசி அத்தியாயத்துக்காகப் படிக்கிறேன். அங்கதான் ஒருத்தி உட்கார்ந்து, ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்றா.”

அந்தக் கதைகளில் ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க ஒரு நிறுவனம் எங்கள் ஊருக்கே வந்து இறங்கியது. ஊர் தலைகால் தெரியாமல் ஆடியது. பப் நடத்தும் க்ளைவ், கேட்பதற்கு முன்பே தன் பப்பைப் படப்பிடிப்புக்குத் திறந்துவிட்டான். தெல்மா மட்டும் எதிர்ச் சாரியில் கைகட்டி நின்றாள்.

“நம்ம ஊரு டிவில வருது தெல்மா. கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன, வாய் சுளுக்கிக்குமா?” என்றான் க்ளைவ்.

“நல்ல வெயில் அடிக்கும்போது எதுக்குக் குழாய் வச்சு மழை பெய்ய விடறாங்க? பூந்தொட்டியெல்லாம் எங்க தூக்கிட்டுப் போறாங்க?”

“அது கலையாம். இருட்டா இருக்கணுமாம்.”

“டோரா எங்க?”

க்ளைவ் கைகாட்டினான். தேவாலயச் சுவரில் சாய்ந்து, கண்ணுக்குக் கீழே கறுப்பு தடவிய ஒரு பெண் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அதுவா டோரா? வாழ்நாள்ல கேக்கைக் கண்ணால பார்த்திருப்பாளான்னே சந்தேகமா இருக்கு!”

“புது மாதிரி டோரா. தூக்க மாத்திரை சாப்பிட்டாத்தான் தூக்கம் வருமாம்.”

“டோராவுக்கா? அவ நாற்காலில உட்கார்ந்தாலே தூங்கிடுவாளே!”

பச்சை மழைக்கோட்டுப் பெண்ணை முதலில் கவனித்ததும் தெல்மாதான். தினமும் வந்து பேக்கரி வாசலில் நிற்பாள், யாரிடமும் பேசமாட்டாள், படப்பிடிப்புக்காரர்கள் தன் பக்கம் திரும்பினால் கடைக்குள் போய்விடுவாள். ஆள் சரியில்லை, ஏதோ திருட வந்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள் தெல்மா.

“யாரும்மா நீங்க? இங்க என்ன வேலை?”

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. “நான் லோர்னா பீட். இந்தக் கதையை எழுதினவ.”

நான் வாயைப் பிளந்தேன். தெல்மா அசையவில்லை. “நாலாவது புத்தகத்துல விஷத்தை எதுல கலந்தாங்க?”

“நெல்லிக்காய் ஜாம்ல. இல்ல, ஐயோ, அது அஞ்சாவது. நாலாவதுல இருமல் மருந்து.”

அதன் பிறகே தெல்மாவின் தோள் இறங்கியது. “எழுதினவ ஏன் திருடி மாதிரி வெளியில நிக்கறீங்க?”

“உள்ள வர வேண்டாம்னாங்க. நான் நின்னா நடிக்கறவங்களுக்குச் சங்கடமாம். எப்படி முடிக்கறீங்கன்னு கேட்டேன். முடிவைத் திறந்தே விடப்போறோம்னு சொன்னாங்க.”

“திறந்தேன்னா?”

“யார் கொன்னாங்கன்னு சொல்லமாட்டாங்க. பார்க்கறவங்களே நினைச்சுக்கணுமாம்.”

தெல்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் பார்த்ததே இல்லை. “அதைச் சொல்லத்தானே உங்களுக்கு எழுத வந்தது? அதையா விட்டுக்கொடுத்தீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தொடரின் கடைசிப் பகுதியை ஊரே சேர்ந்து தேவாலய மண்டபத்தில் பார்த்தது. செத்துப்போன ஒரு பாடகி, இருட்டு, மழை, அழுகை. குண்டு டோராவின் சமையலறை எங்கே போயிற்று என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். கடைசியில் ஒல்லி டோரா ஆற்றைப் பார்த்தபடி நின்றாள். படம் அணைந்து, பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

“அவ்வளவுதானா? யார்யா கொன்னது?” என்றான் க்ளைவ்.

தெல்மா எழுந்து முன்னால் போனாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

“மாட்டு டாக்டர்தான் கொன்னார். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.”

“ஆரம்பிச்சுட்டாடா!” என்றது பின்வரிசைக் குரல்.

“பேசாம கேளு. பாடகிம்மாவோட நாய்க்கு அவர் தப்பான ஊசி போட்டார். அதை ஊர்ல சொல்லிடுவேன்னு அந்தம்மா சொன்னாங்க. சொன்னா அவர் பிழைப்பு போச்சு. அதான் தேன்ல விஷத்தைக் கலந்து கொடுத்தார். தேன்ல ஏன்? தொண்டைக்கு நல்லதுன்னு அந்தம்மா தேனைத் தவிர வேற எதையும் தொடமாட்டாங்க. அது தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான்.”

அவள் ஒவ்வொன்றாக அடுக்கிச் சொன்னாள். யாரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பவில்லை. நடுவில் எழுந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தது. முடித்ததும் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு நாற்காலிகள் நகர, டீயும் பேச்சுமாகக் கூடம் கலகலத்தது. கதவோரம் நின்ற லோர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு லோர்னா அடிக்கடி வந்தாள். எழுதிக்கொண்டிருந்த புதுக் கதையைத் தெல்மாவிடம் காட்டி, ஓட்டை இருந்தால் சொல்லச் சொன்னாள். ஏன் தன்னிடம் காட்டுகிறாள் என்று தெல்மா சில வாரம் குழம்பினாள், பிறகு ஓட்டைகளைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். நிறையவே இருந்தன.

ஒரு மாலை நானும் அங்கே இருந்தேன். ராயைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த லோர்னா தயங்கித் தயங்கிச் சொன்னாள். “தெல்மா, நீங்க சரின்னு சொன்னா, கால்வாய்ல ஒருத்தர் இறந்துபோற மாதிரி ஒரு கதை எழுதறேன். பேரை மாத்திடுவேன். ஏன் அப்படி ஆச்சுன்னு டோரா கண்டுபிடிச்சுச் சொல்லிடுவா.”

தெல்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“வேண்டாம். நீங்க நல்லா எழுதுவீங்க. நான் நம்பிடுவேன். அது ராய்க்குச் செய்யற துரோகம்.”

லோர்னா தலையாட்டினாள். பிறகு தெல்மாவே, “மூணாவது அத்தியாயத்துல அந்தத் தோட்டக்காரன் பொய் சொல்றான், கவனிச்சீங்களா?” என்று ஆரம்பித்தாள்.

மறு வருடம் தொடரின் இரண்டாம் பாகம் வந்தது. தெல்மா பார்க்கமாட்டேன் என்று சபதம் போட்டிருந்தாள்; நாங்கள் பார்த்தோம். முடிந்த கையோடு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வீட்டுச் செருப்போடு தெல்மா நின்றாள்.

“கடைசில யாருன்னு சொன்னாங்களா?”

“பாதிரியாராம்.”

“பாதிரியாரா! அறிவு இருக்கா இவங்களுக்கு?” என்றவள், என் தோளுக்கு மேலாகத் தொலைக்காட்சியை எட்டிப் பார்த்தாள். “ஏன் கொன்னாராம்?”

“உள்ள வா, சொல்றேன்,” என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.