மதினியைக் குளிப்பாட்டிய நாள்

எங்கள் ஊரில் இறந்துபோன பெண்களின் மையித்துகளைக் குளிப்பாட்ட என்னையும் கூப்பிடுவார்கள். கூலிக்குப் போவதில்லை, அல்லாஹ்வுக்காகப் போவது. உடம்பில் எதைக் கண்டாலும் வெளியே சொல்லக் கூடாது. அது மௌத்தானவர் எங்களை நம்பி விட்டுப்போகும் அமானிதம்.

என் கூடப்பிறந்த நானாவின் மனைவி மௌத்தானபோதும் நான்தான் குளிப்பாட்டினேன். கடைசி மாதங்களில் மதினி மெலிந்து, மூச்சு வாங்கி, கட்டிலோடு கிடந்தா. கேட்டால் "சளிதான்" என்பா. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "ஆம்பிள டொக்டர்ட முன்னுக்கு நான் சட்டய திறக்கவா?" என்று எங்கள் வாயை அடைத்துவிடுவா. திரைக்குப் பின்னால் அந்தச் சட்டையை நாங்கள் வெட்டி எடுத்தபோது, இடது மார்பின் மேல் பழைய சேலைத் துண்டொன்று மடித்துக் கட்டியிருந்தது. அதன் கீழே புண். மார்பு முழுக்க இறுகிக் கிடந்தது. எவ்வளவு காலம் இதை மறைத்துச் சமைத்தா, துவைத்தா, நோன்பு பிடித்தா, யா அல்லாஹ்! கூட நின்ற பெண் என்னைப் பார்த்தாள். வெளியே சொல்ல வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். கபன் துணியிட்டு மூடினோம்.

மதினிக்கு ஒரே மகள். நாற்பதைத் தொட்டவள், இரண்டு பிள்ளைகளின் தாய். தாய்க்கு மார்புப் புற்றுநோய் இருந்தால் மகள் நேரத்தோடு சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மிட்வைஃப் மிஸ் ஒருமுறை எங்கள் வளவில் சொல்லியிருந்தா. மையித்தை எடுத்த பிறகு அந்தப் பேச்சு என் காதை விட்டுப் போகவில்லை. தொழுதுவிட்டு அழுவேன். வாய் திறக்கவும் பயம், பேசாமல் இருக்கவும் பயம்.

கடைசியில் மதினியின் அந்த மகளிடம், என் மருமகளிடம் போய், "பொம்பளைகளச் சோதிக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகணும் மகள். தனியப் போக வெட்கமா இரிக்கி" என்றேன்.

"இந்த வயசுல என்ன மாமி வெட்கம்?" என்று சிரித்தாள். "துணைக்குத்தான் வருவேன். நீங்க காட்டுங்க, நான் உங்கட பேர்ஸ்ஸ பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

அங்கே மிட்வைஃப் மிஸ் விடவில்லை. "வந்த காலோட நீங்களும் காட்டிட்டுப் போங்க" என்று அவளையும் என்னோடு உள்ளே தள்ளிவிட்டா. பெண் டொக்டர் அவளைச் சோதித்துவிட்டுக் கேட்டார்: "குடும்பத்தில யாருக்கும் மார்புப் புற்றுநோய் இருந்ததா? உம்மாவுக்கு?"

"இல்ல டொக்டர், அல்ஹம்துலில்லாஹ். உம்மா சளியிலதான் மௌத்தானாங்க."

டொக்டர் எழுதப் பேனையை எடுத்தார்.

"அப்பிடி இல்ல டொக்டர்," என்றேன். "இவட உம்மாக்கு இரிந்திச்சு. நான் கண்டேன்."

"எப்ப கண்டீங்க?" என்று திரும்பிய மருமகள், கேட்டு முடிக்கும் முன்பே விளங்கிக்கொண்டாள். என் பேர்ஸை மேசையில் வைத்தாள்.

கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றார் டொக்டர். ஆனாலும் தாயின் நோயைச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் மெமோகிராம் படம் எடுக்கத் துண்டு எழுதிக் கொடுத்தார். அந்த நாள் வரும்வரை மருமகள் என்னோடு கதைக்கவில்லை. போகிற காலையில் மட்டும் வந்து வாசலில் நின்று, "வாங்க" என்றாள்.

படம் எடுத்துவிட்டு நெஞ்சைப் பொத்திக்கொண்டு வந்தாள். முடிவு கேட்க இன்னொரு நாள் போனோம். இப்போது பயப்பட ஒன்றும் இல்லை, சொல்கிற நேரத்துக்கு வந்து காட்டுங்கள் என்றார்கள். நன்றி சொல்லி ஷுக்ர் செய்தேன். அமானிதத்தை உடைத்தேனா என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மதினிக்காக இன்றும் துஆ கேட்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எங்கள் ஊர் உப்பளங்கள் தெரியத் தொடங்கிய நேரம் அவள் அழுதாள்.

"ரெண்டு தட்டுக்கு நடுவுல வச்சி அமத்தினாங்க மாமி. கொஞ்ச நேரந்தான். அதுக்கே எனக்கு அப்பிடி நொந்திச்சு. உம்மாக்கு எப்பிடி நொந்திரிக்கும்?"

"அந்த இடத்துக்கு மட்டும் தண்ணிய கையில ஏந்தி, மெதுவாத்தான் ஊத்தினேன் மகள்," என்றேன்.

இறங்கும் இடம் வரும்வரை அவள் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.