கிட்வாய் நகர் பால்கனியில் மாட்டிய பிஸ்டன்

1. சத்தம் நின்றது

காலை பதினொரு மணி இருக்கும். சவாரி டிராக்கின் ஷெட்டில் ஒரு ஏடிவியின் செயினுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். ஏடிவி என்பது நான்கு பருத்த டயர் வைத்த, மோட்டார் சைக்கிள் மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. மண்ணிலும் மேட்டிலும் ஓடும். மேட்டில் ஏறிக்கொண்டிருந்த ஒரு வண்டியின் சத்தம் சட்டென்று நின்றது. ஆஃப் செய்தால் எஞ்சின் நாலு சுற்று சுற்றித்தான் அடங்கும். இது வெட்டினாற்போல் நின்றது. அடுத்த நொடி ஒரு அலறல்.

எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது என்று ஓடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து நாள் முன்பு அதைப் பிரித்துப் பூட்டியவன் நான்தான்.

வழிகாட்டி ஓட்டுகிற செல்வம் வண்டிக்கு அடியில் கிடந்தான். வலது முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினோம். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, பின்னாடி வந்தவங்க யாருக்கும் அடிபடலையே?" என்று கேட்டான். அவனை நம்பி வரிசையாகப் பின்னால் வந்தவர்களைப் பற்றித்தான் கவலை.

2. பால்கனி

நான் ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் வண்டி மெக்கானிக். ஊர் குடியாத்தம் பக்கம். ஓய்வு பெற்ற பிறகு டெல்லியிலேயே தங்கிவிட்டேன். மனைவி வசந்திக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ், ஆறாவது மாடி. எனக்கு சத்தர்பூரைத் தாண்டி ஒரு பண்ணை வளாகத்தில் ஏடிவி டிராக்கில் வேலை கிடைத்தது. எட்டு வண்டிக்கு நான் மெக்கானிக். சவாரிக்கு வருகிறவர்களை முன்னால் ஓட்டி வழி காட்டிக் கூட்டிப்போவது செல்வம். ஜங்புரா பக்கம் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைப்பகுதியில் பிறந்து வளர்ந்தவன், முப்பது வயசு. கேம்ப் வீடு இடிபட்ட பிறகு, மாற்று வீடு கிடைத்த வடகோடி நரேலாவிலிருந்து பஸ்ஸும் மெட்ரோவும் மாறி மாறி வந்துகொண்டிருந்தான்.

முன்னால் போகும் வண்டிக்கு இழுவை போதவில்லை என்று மேனேஜர் ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் கிட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். அந்தப் பிஸ்டனின் தலை மேடாக இருக்கும். பெட்ரோலும் காற்றும் இன்னும் இறுக்கமாக அழுந்தும். இழுவை கூடும், சூடும் கூடும். டிராக்கில் எப்போதும் புழுதி. அங்கே எஞ்சினைத் திறந்தால் மண் உள்ளே போகும். அதனால் எஞ்சினை இறக்கிச் சாக்கில் கட்டி, ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லிஃப்டில் ஏற்றும்போது செக்யூரிட்டி, "இது என்ன சார்?" என்று கேட்டார். "மோட்டார்" என்றேன். வசந்தி பால்கனியில் பழைய பெட்ஷீட் விரித்துக் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போனாள்.

சிலிண்டருக்கு மூடியான ஹெட்டைக் கழற்றினேன். சிலிண்டரை உருவினேன். எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் வாயைத் துணியால் அடைத்தேன். புது ரிங்கின் இடைவெளியை கேஜ் வைத்து அளந்தேன். பிஸ்டன் தலைக்கும் வால்வுக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று களிமண் ஒட்டிப் பார்க்கவும் முடிவு செய்திருந்தேன்.

பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் 'பின்' என்கிற ஒரு சின்ன இரும்பு உருளை சேர்க்கிறது. அது நழுவாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு கம்பி வளையம். அதுதான் சர்க்லிப். ஒரு ரூபாய்க் காசு அளவு. முதல் சர்க்லிப் பிஸ்டனில் அதற்கென்று வெட்டிய காடியில் உட்கார்ந்தது. இரண்டாவது நோஸ் பிளையரிலிருந்து நழுவிப் பறந்தது. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. துணிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. காந்தத்தால் தரையைத் துழாவினேன். கீழே இறங்கிப் புல்லில் முக்கால் மணி நேரம் தேடினேன்.

அப்போது மேனேஜர் போன். "மணி, கல் பார்ட்டி ஹை! நாளைக்குக் காலைல ஒன்பதுக்கு ஒரு கம்பெனிக்காரங்க முப்பது பேர். வண்டி ரெடியா இருக்கணும். ஜல்தி கரோ."

"ஒரு சாமான் வரணும் சார். ரெண்டு நாள் ஆகும்."

"என்ன சாமான்?"

"சர்க்லிப்."

"இவ்ளோண்டு கம்பியா? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

மேனேஜருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு தடவை கழற்றிய சர்க்லிப்பில் பிடிப்பு குறைந்துபோகும், திரும்பப் போடக்கூடாது. ராணுவ ஒர்க்‌ஷாப்பில் யாராவது போட்டால் நானே திட்டியிருக்கிறேன். அன்று பழைய பிஸ்டனிலிருந்து எடுத்ததைத் துடைத்து, விரலால் அழுத்திப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாட்டினேன். பிறகு களிமண் ஒட்டி வால்வு இடைவெளியை இரண்டு முறை அளந்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

3. கையெழுத்து

செல்வத்தை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்ட பிறகு மேனேஜர் சொன்னார்: "ஓவர் ஸ்பீட். பசங்க முன்னாடி சீன் போட்டிருக்கான். வண்டியில ப்ராப்ளம் இல்லைன்னு ரெஜிஸ்டர்ல எழுது."

எஞ்சினைத் திறக்காமலே எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு ஷெட்டைச் சாத்திக்கொண்டு திறந்தேன். சர்க்லிப் இரண்டு துண்டு. அந்தப் பின் ஒரு பக்கமாக நகர்ந்து சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை உழுதிருந்தது. எஞ்சின் இறுகி, பின்பக்கச் சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டி மேட்டில் புரண்டிருக்கிறது. துண்டுகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷன் முடிந்திருந்தது. முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவன் மனைவி கவிதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்; ஜங்புராவில் நாலு வீட்டில் வேலை செய்கிறவள்.

செல்வம் கேட்டான்: "அண்ணா, நான் கியர் தப்பா போட்டேனா? மேல ஏறும்போது ஃபர்ஸ்ட்ல இருந்தேனா செகண்டா, யாத் நஹி ஆ ரஹா, ஞாபகமே வரல. ராத்திரி பகல் அதையே யோசிக்கிறேன்."

"ரெஸ்ட் எடு" என்றேன்.

அதைவிடக் கேவலமாக நான் யாரிடமும் நடந்துகொண்டதில்லை. அடித்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஒரு வாரம் அப்படியே போனது. சாப்பாடு இறங்கவில்லை. எட்டாம் நாள் வசந்தி, "ஏங்க, என்னதான் ஆச்சு?" என்று தட்டை நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"இத அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

4. நரேலா

முதலில் மேனேஜரிடம் போனேன். ரெஜிஸ்டரில் எழுதியது பொய், தப்பு என்னுடையது என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "கையெழுத்து உன்னோடது. நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார். செல்வத்தை ஏற்கனவே வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். கண்மூடித்தனமாக ஓட்டுகிறவன் என்று மற்ற டிராக்குகளுக்கும் சொல்லியாகிவிட்டது.

அங்கிருந்து நரேலா. இரண்டாம் மாடியில் ஒரே அறை. செல்வம் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். உட்காரச் சொன்னான். உட்காராமல் சொன்னேன். பிஸ்டன், பறந்துபோன வளையம், பழையதை மாட்டியது, திறந்து பார்த்தது, ஒன்றையும் விடவில்லை.

அவன் கைகளை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலமே."

"நான் ஆஸ்பத்திரில கேட்டேனே அண்ணா."

"கேட்ட."

கவிதா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள். அவள் அழுகிற சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு, "எழுதிக் குடுங்க" என்றான். "வேற எடத்துல வேலை கேக்கணும்னா காட்டணும். தமிழ்ல வேணாம், எனக்குப் படிக்க வராது. இந்தியில எழுதுங்க."

ராணுவத்தில் கற்ற இந்தியில், கோணல் எழுத்தில் எழுதினேன். அவன் வாங்கி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தான்.

"'சர்க்லிப் உடைந்ததால் விபத்து நேர்ந்தது'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"அது தானா உடைஞ்ச மாதிரி இருக்கு. மாட்டினது யாருன்னு எழுதுங்க."

புதுத் தாள் கேட்டு வாங்கி எழுதினேன்: 'போடக்கூடாது என்று தெரிந்தே பழைய சர்க்லிப்பை நான் மாட்டினேன். அதை மறைத்தும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். செல்வத்தின் ஓட்டுதலில் தவறு இல்லை.' கீழே பெயரும் தேதியும் போட்டேன். மறுபடி படித்தான். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"சரி, போங்க" என்றான். அண்ணா என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் குருகிராம் பக்கம் ஒரு டிராக்கில் டிக்கெட் கவுண்டரில் அவனுக்கு வேலை கிடைத்தது என்று கவிதா சொல்லித் தெரியும். ஊன்றுகோலோடு போய்வருகிறான். நான் இப்போது வேறொரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். சின்னச் சாமான் ஒன்று தொலைந்தாலும் வேலையை நிறுத்திவிடுகிறேன். முதலாளி கத்தினால் கத்தட்டும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்கள் கையால் தப்பு நடந்துவிட்டால், அடிபட்டவன் கேட்கிறவரை காத்திருக்காதீர்கள். அவன் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்ள ஒரு ராத்திரி போதும்.